ராக் பாட்டை மடத்து ஜெபம் மாதிரி பாடும் கோரஸ் பதிவுகள்: டிரம்ஸ் வேண்டுமா, வேண்டாமா?

கல்மண்டபம்:

மெட்டாலிகா, டயர் ஸ்ட்ரெயிட்ஸ், ஆர்.இ.எம். பாட்டுகளை ஒரு கூட்டம் ஆண் குரல் சேர்ந்து, மடத்துத் துறவிகள் ஜெபம் பாடுகிற தோரணையில், மெதுவாக, கனமாகப் பாடுகிற பதிவுகளை இங்கே எத்தனை பேர் உட்கார்ந்து முழுசாகக் கேட்கிறீர்கள்? நான் நிறையக் கேட்கிறேன். ராயபுரத்தில் என் கூட்டாளிகளிடம் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் "என்னடா இது, எழவு வீட்டுப் பாட்டு" என்று ஹெட்ஃபோனைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்கள், மீதிப் பேர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சின்ன முன்கதை. இதில் பெரிய பெயர் ஜெர்மனியின் ஃப்ராங்க் பீட்டர்சன் நடத்தும் 'கிரிகோரியன்' குழு. 1991இல் ஒரு ஆல்பம் போட்டார்கள், ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்தது 1999இல் வந்த 'மாஸ்டர்ஸ் ஆஃப் சான்ட்' ஆல்பத்தால்தான். 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்', 'லூசிங் மை ரிலிஜன்', 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' எல்லாம் அதில் உண்டு. இதே பீட்டர்சன் 1990இல் எனிக்மா என்ற இசைத் திட்டத்தின் முதல் ஆல்பத்தில், அதை நடத்திய மைக்கேல் க்ரேட்டுவோடு வேலை செய்தவர். அந்த ஆல்பத்தின் பெரிய ஹிட்டில் லத்தீன் ஜெபத்துக்குக் கீழே டான்ஸ் பீட் ஓடும். அந்தப் பழக்கம் இவரை விடவேயில்லை. கிரிகோரியன் குழுவின் பெரும்பாலான பாட்டுகளிலும் குரல்களுக்குக் கீழே சிந்தசைசரும் டிரம் பீட்டும் போய்க்கொண்டே இருக்கின்றன.

என் கட்சி இதுதான்: ராக் பாட்டை ஜெபமாக்க வேண்டுமென்றால் முதலில் தாளத்தை எடுத்துவிட வேண்டும். உண்மையான கிரிகோரியன் பாடலில், அதாவது பழைய தேவாலயத்து லத்தீன் ஜெபப் பாட்டில், தட்டி எண்ணுகிற தாளமே கிடையாது, வார்த்தை எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறுத்தம். தாளத்தை எடுத்த பிறகும் நிற்கிற மெட்டு என்றால் அது நல்ல மெட்டு. நிற்காவிட்டால் அந்தப் பாட்டைக் கோரஸுக்கு எடுத்திருக்கவே கூடாது. இவர்கள் இரண்டையும் விட மனசில்லாமல் நடுவில் நிற்கிறார்கள், அதனால்தான் பல பதிவுகள் ஓட்டல் லிஃப்டில் போடுகிற பாட்டு அளவுக்கு இறங்கிவிடுகின்றன. உங்கள் அபிப்ராயம் சொல்லுங்கள்.

பெரம்பூர் பேஸ்:

தம்பி, எனக்கு இந்தச் சமாசாரமே பிடிக்காது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரம்பூர் ரயில்வே காலனிப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்த காலத்தில் டான்ஸ்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்து வளர்ந்தவன் நான். ராக் என்பது குரலுக்கும் டிரம்முக்கும் நடுவில் நடக்கிற இழுபறி. பாடகன் ஒரு மயிரிழை பின்னால் வருவான், டிரம்மர் அவனுக்காகக் காத்திருக்க மாட்டான், அந்த இடைவெளியில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது. இருபது பேர் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னால் அந்த இடைவெளி எங்கே போகும்?

'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' என்றாயே, அதையே எடுத்துக்கொள். மெட்டாலிகாவின் 1991 பாட்டு. முதல் சில வினாடி கவனித்திருக்கிறாயா? ஆறாவது கம்பி, அப்புறம் மூன்று, இரண்டு, ஒன்று. நாலும் திறந்த கம்பி, இடது கை எதையும் அழுத்தவே இல்லை, அதுவே ஈ மைனர் ஆகிவிடுகிறது. முதல் நாள் கிட்டார் பிடிக்கிற பையன்கூட அதை வாசித்துவிடலாம். அவ்வளவு பெரிய மெட்டல் பேண்ட் அவ்வளவு வெறுமையாகத் தொடங்குகிறது என்பதுதான் அங்கே விஷயம். வெறுமைக்குப் பதிலாக கோரஸை நிரப்பினால் பாட்டு பெரிதாகத் தெரியும், ஆனால் சொன்னது போய்விடும்.

இன்னொன்று. ராக்கும் ஜெபமும் சேர்ந்தது 1999இல் இல்லை. யார்ட்பேர்ட்ஸ் 1965இலேயே 'ஸ்டில் ஐம் சேட்' பாட்டில் பேண்ட் ஆட்களே கீழ்க்குரலில் ஜெபம் மாதிரி முனகியிருக்கிறார்கள் (அந்தப் பாட்டையே இந்த கிரிகோரியன் குழுவும் அதே 1999 ஆல்பத்தில் எடுத்திருக்கிறது, கவனித்தாயோ இல்லையோ). 1968இல் எலெக்ட்ரிக் ப்ரூன்ஸ் லத்தீன் பூசை முழுவதையும் ராக்காகப் போட்டார்கள். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு பாட்டைத் தொடங்கவே லண்டன் பாக் கொயர் என்ற பாடற்குழுவைக் கூப்பிட்டார்கள். அங்கெல்லாம் கோரஸ் வந்து ராக்கோடு மோதியது. ராக்கை வெளியே அனுப்பிவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆல்டோ வரிசை:

நான் ராயபுரத்தில் ஒரு கத்தோலிக்கக் கோவில் பாடற்குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுகிறேன். கல்மண்டபம் தம்பி சொன்னதில் தாளம் பற்றிய பகுதியோடு ஒத்துப்போகிறேன், ஆனால் "உண்மையான கிரிகோரியன்" என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட வேண்டாம்.

அந்த கிரிகோரியன் குழுவில் பாடுபவர்கள் துறவிகள் இல்லை, கைதேர்ந்த ஆங்கிலேயப் பாடகர்கள். மேடையில் துறவி அங்கி போட்டுக்கொண்டு லேசர் வெளிச்சத்தில் நிற்கிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது, ஒளிக்கவில்லை. நிஜத் துறவிகளின் பாட்டு வேண்டுமென்றால் ஸ்பெயினில் சாண்டோ டொமிங்கோ தே சிலோஸ் மடத்துப் பெனடிக்ட் சபைத் துறவிகள் பாடியதைக் கேளுங்கள். பழைய பதிவுகள்தான், 1994இல் 'சான்ட்' என்ற பெயரில் வெளியிட்டபோது அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. அதில் டிரம்மும் இல்லை, யாரையும் உருக வைக்கும் முயற்சியும் இல்லை. அவர்கள் பாடுகிறார்கள், நாம் கூட இருக்கிறோம், அவ்வளவுதான்.

பாடுகிறவள் என்ற முறையில் இரண்டு விஷயம். ஒன்று மூச்சு. கூட்டமாக நீண்ட வரி பாடும்போது எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு இழுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் இழுக்கும்போது நீ இழுக்காதே, வார்த்தைக்கு நடுவில் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு திரும்பச் சேர்ந்துகொள். கேட்பவர்களுக்கு வரி அறுபடவே இல்லை என்று தோன்றும். பெரம்பூர் அண்ணன் பேசுகிற ராக் பாடகனிடம் மூச்சு வாங்குவது வெளிப்படையாகக் கேட்கும், அவன் ஒரு மனுஷன் என்பதற்கு அது சாட்சி. கோரஸில் அந்தச் சாட்சி இல்லை. மூச்சே வாங்காத ஏதோ ஒன்று பாடுகிறது. கேட்பவர்கள் "கனமாக இருக்கிறது" என்று சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது 'ஸ்' என்ற ஓசை. ஆங்கிலப் பாட்டில் வரிக்கு வரி 'ஸ்' சத்தத்தில் முடியும். பத்துப் பேர் பத்து நேரத்தில் 'ஸ்' சொன்னால் பாம்புப் புற்று மாதிரி கேட்கும். அதனால் சில கொயர்களில் ஒருவர் இருவர் மட்டும் அதை உச்சரிப்பார்கள், மற்றவர்கள் முன்னால் இருக்கும் உயிரெழுத்திலேயே நின்றுவிடுவார்கள். லத்தீனில் உயிரெழுத்துகள் திறந்து கிடப்பதால் இழுத்துப் பாட வசதி. ராக் வரிகளோ கடித்துத் துப்புவதற்காக எழுதப்பட்டவை. நல்ல ஹெட்ஃபோனில் வரி முடிவுகளை மட்டும் கேளுங்கள், அந்தக் குழு உழைத்திருக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மிண்ட் ஸ்ட்ரீட் 2:

அக்கா, இந்த 'ஸ்' விஷயத்தைப் படித்துவிட்டு இப்போது எதைக் கேட்டாலும் அதுவே காதில் விழுகிறது. நிஜமாகவே ஒரே ஒரு குரல்தான் முடிக்கிறது!

வியாசை வாத்தியார்:

எல்லோரும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு பேசுகிறீர்கள், அதாவது சோகம் என்றால் மெதுவாக இருக்க வேண்டும், தாளம் நின்றால்தான் துக்கம் தெரியும் என்று. யார் சொன்னது?

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க கானா பாடுவதைக் கேட்டவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். டோலக் இருக்கும், சட்டி இருக்கும், எதுவும் இல்லாவிட்டால் மரப்பெஞ்சு இருக்கும். தாளம் நிற்காது. அதுக்கு நடுவில் செத்துப்போனவர் பேர், அவர் செய்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் வந்துகொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் தாளத்துக்குத் தலையும் ஆட்டுவான், கண்ணிலும் தண்ணி வழியும், இரண்டும் ஒரே நேரத்தில். தாளம் அங்கே துக்கத்தைக் குறைக்கவில்லை, விடியும்வரைக்கும் உட்கார்ந்திருக்கத் தெம்பு கொடுக்கிறது. மறுநாள் பறை முன்னால் போக ஊர்வலம். அதைப் பார்த்து "இதில் சோகம் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் தெரு தெரியாது.

ராக்கும் அப்படித்தான். அது ஏற்கெனவே சத்தமாக அழுகிற பாட்டு. அதை மெதுவாக்கி, எதிரொலி சேர்த்து, "இப்போதுதான் இதில் ஆழம் வந்தது" என்று சொல்வது எனக்குக் கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் இதே பேச்சை கானாவைப் பற்றியும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் மெருகேற்றினால் நல்ல இசையாகிவிடும் என்பார்கள். 2017இல் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு தொடங்கியபோது கானாவை மெதுவாக்கிப் பாடவில்லை, ராக் கிட்டாரையும் ராப்பையும் அதே வேகத்துக்கு இழுத்து வந்தார்கள். மரியாதை என்றால் அது.

ஒற்றியூரான்:

வாத்தியார் சொல்வது நியாயம். ஆனால் தாளமில்லாத பாட்டும் நம் ஊரில் மெருகுக்காக வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். திருவொற்றியூர் கோவில் அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம். ஓதுவார் ஒருவர் தனியாக நின்று விருத்தமாகப் பாடும்போது தாளம் கிடையாது, வார்த்தைதான் வழி நடத்துகிறது. கல்மண்டபம் சொன்ன கிரிகோரியன் பழக்கத்துக்கு நமக்குத் தெரிந்ததில் ரொம்பக் கிட்டத்தில் இருப்பது விருத்தம்தான். ஒரு வித்தியாசம், அங்கே கூட்டம் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுகிறது, இங்கே தனி ஆள், அதனால் சங்கதிக்கு (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுவதற்கு) இடம் உண்டு. கூட்டத்தில் சங்கதி போட முடியாது.

ஸ்வரக் கணக்கும் கொஞ்சம் பார்க்கலாம். பழைய தேவாலய இசையில் எட்டு மோடு, அதாவது ஸ்வர வரிசைகள். அதில் டோரியன் என்பது நம் கரஹரப்ரியா ஸ்வரங்கள், ஃப்ரிஜியன் நம் தோடி, லிடியன் கல்யாணி, மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி. ராக்கில் டோரியனும் மிக்ஸோலிடியனும் ஏராளம். சாதாரண மைனர், அதாவது நடபைரவி ஸ்வரங்கள், பழைய எட்டில் தனியாக இடம் பெறவில்லை, 1547இல் கிளாரியானஸ் என்ற சுவிஸ் அறிஞர்தான் அதைச் சேர்த்துப் பன்னிரண்டு மோடு என்றார். ஆக, ராக் பாட்டுகள் ஜெபத்துக்கு ஒத்துவருவது தற்செயல் இல்லை, ஸ்வர வரிசை ஏற்கெனவே அதே குடும்பம். ஆனால் வரிசை ஒத்தால் மட்டும் போதாது. ஜெப மெட்டு பெரும்பாலும் பக்கத்துப் பக்கத்து ஸ்வரத்துக்குத்தான் நகரும், பெரிய தாவல் குறைவு. 'லூசிங் மை ரிலிஜன்' அப்படி நகர்கிற மெட்டு, அதனால் தாங்குகிறது. குரல் தாவித் தாவிக் கத்துகிற பாட்டைக் கோரஸுக்குக் கொடுத்தால் கத்தல் இருந்த இடத்தில் பள்ளம் விழும்.

சர்மாநகர் சவுண்டு:

நான் மைக் செட், ரெக்கார்டிங் வேலை. தாளம் வேண்டுமா வேண்டாமா என்பதை ரசனையை வைத்துப் பேசுகிறீர்கள், கட்டடமே அதைத் தீர்மானித்துவிட்டது என்கிறேன்.

பெரிய கல் கட்டடத்தில் சத்தம் உடனே சாகாது. இஸ்தான்புல்லில் ஹாகியா சோஃபியா என்ற பழைய தேவாலயக் கட்டடத்தில் அடங்க பத்து வினாடிக்கு மேல் ஆகும். அங்கே ஒரு டிரம்மை விடாமல் அடித்துப் பாருங்கள், முதல் அடி அடங்குவதற்குள் பத்துப் பதினைந்து அடி மேலே விழுந்திருக்கும், எல்லாம் கலந்து இரைச்சல்தான் மிஞ்சும். அதே இடத்தில் ஒரே மெட்டை மெதுவாகப் பாடினால் முந்தைய ஸ்வரம் இன்னும் காற்றில் இருக்கும்போதே அடுத்த ஸ்வரம் வந்து சேர்கிறது, யாரும் ஹார்மனி பாடாமலே ஹார்மனி கேட்கும். அந்தக் காலத்துத் துறவிகள் தாளத்தை ஒதுக்கியதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனால் அந்தக் கட்டடங்களில் வேறு மாதிரி பாடியிருந்தால் வார்த்தையே புரிந்திருக்காது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2010இல் ஹாகியா சோஃபியாவுக்குள் பலூன் வெடித்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, அதிலிருந்து கட்டடத்தின் கார்வையை (சத்தம் அடங்காமல் நீள்வதை) கணக்கிட்டு எடுத்தார்கள். பிறகு கப்பெல்லா ரொமானா என்ற குழு வேறு இடத்தில் பாடியதற்கு அந்தக் கார்வையைச் சேர்த்து 2019இல் ஆல்பமாக வந்தது. பாடும்போதே அவர்கள் காதுக்கு அந்தக் கார்வை கேட்கும்படி செய்திருந்தார்கள், அதனால் வேகத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொண்டு பாடியிருக்கிறார்கள். இதுதான் முக்கியம். ராக் கோரஸ் பதிவுகளில் பலவற்றில் குரலை உலர்ந்த அறையில் டிரம் பீட்டுக்கு ஏற்பப் பாட வைத்துவிட்டு ரிவெர்ப்பை, அதாவது செயற்கைக் கார்வையை, கடைசியில் மேலே ஊற்றுகிறார்கள் என்றுதான் என் காதுக்குப் படுகிறது. குரல் தேவாலயத்தில் இருக்கும், டிரம் ஸ்டூடியோவில் இருக்கும். கேட்பவனுக்குக் காரணம் தெரியாது, ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு யாரும் தீர்ப்பு சொல்லாதீர்கள். கார்வையின் வால் பகுதி அதில் கேட்கவே கேட்காது.

கல்மண்டபம்:

சவுண்டு அண்ணன் சொன்னது எனக்கு ரொம்ப நாளாகச் சொல்லத் தெரியாமல் இருந்த விஷயம். நன்றி.

வாத்தியாரே, உங்கள் கோபம் புரிகிறது. ராக்கில் ஆழம் இல்லை, கோரஸ் வந்துதான் கொடுத்தது என்று நான் நினைக்கவில்லை. கோரஸில் கேட்ட பிறகு மூலத்துக்குத் திரும்பிப் போகிறேன், அப்போது மூலம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது, இதுதான் எனக்கு நடப்பது. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985 பாட்டு. அதில் டயர் ஸ்ட்ரெயிட்ஸின் மார்க் நாஃப்லர் கிட்டாரையே வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் குரல் முணுமுணுப்பாகக் கடந்து போகும். கூட்டம் பாடியபோதுதான் அது போர்க்களத்தில் சாகிற ஒருவன் தன் கூட்டாளிகளிடம் பேசுவது என்று உறைத்தது. அதைப் பலர் சேர்ந்து பாடுவதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் பாட்டே ஒரு கூட்டத்தைப் பற்றியது.

டிரம் இல்லாமல் செய்தவர்களும் இருக்கிறார்கள். பெல்ஜியத்தின் ஸ்காலா, கோலாக்னி சகோதரர்கள் நடத்தும் பெண்கள் கொயர், ரேடியோஹெட்டின் 'க்ரீப்' பாட்டை பியானோவோடு பாடியது. 2010இல் 'தி சோஷியல் நெட்வொர்க்' டிரெய்லரில் வந்து உலகமே கேட்டது. ஜெபத் தோரணை இல்லை, அங்கியும் இல்லை. ஒரு பையன் தன்னைத்தானே வெறுத்துப் பாடுகிற பாட்டு, அத்தனை பெண் குரல்கள் அமைதியாகச் சொல்லும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூலத்தில் பல்லவிக்கு முன்னால் கிட்டார் 'கர்க், கர்க்' என்று வெட்டும், அந்த வெட்டு இதில் இல்லை, இருந்தும் அந்த இடம் வரும்போது நம் காது அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

பெரம்பூர் பேஸ்:

அந்த 'க்ரீப்' நல்ல பதிவு, மறுக்கமாட்டேன். ஆனால் 'டியர்ஸ் இன் ஹெவன்'? கிட்டார் கலைஞர் எரிக் க்ளாப்டனின் நாலு வயசு மகன் 1991இல் நியூயார்க்கில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான், அந்தத் துக்கத்தில் பிறந்த பாட்டு. அதையும் கிரிகோரியன் குழு அந்த 1999 ஆல்பத்தில் எடுத்துவிட்டது. ஒரு அப்பனின் துக்கத்தை அங்கி போட்ட கூட்டம் பாடுவது எனக்குக் கூலிக்கு மாரடிப்பதாகத்தான் படுகிறது. சில பாட்டுக்குச் சொந்தக்காரன் உண்டு.

ஆல்டோ வரிசை:

அண்ணா, அதே க்ளாப்டன் 2004இல் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்தினார், அந்த இழப்பு இப்போது முன்போல இல்லை, பாடுவதற்கு அது வேண்டும் என்று. பிறகு வருஷங்கள் கழித்துத் திரும்பவும் பாடினார். தனி ஆள் பாடுகிற துக்கத்துக்கு இந்தச் சங்கடம் உண்டு, உணர்வு இல்லாத அன்று வாயில் வராது. கூட்டத்துக்கு அது இல்லை. எங்கள் பாடற்குழு அடக்கப் பூசைக்குப் பாடுகிறது. பெட்டிக்குள் இருப்பவரை எங்களில் பலருக்குத் தெரியாது. யாராவது ஒருவருக்கு அன்று தொண்டை அடைக்கும், மற்றவர்கள் பாட்டைத் தூக்கிக்கொண்டு போவோம். முன் பெஞ்சில் இருக்கிற குடும்பத்தால் பாட முடியாது என்பதால்தான் நாங்கள் பாடுகிறோம். தெரியாதவர்கள் பாடுவது கூலிக்கு மாரடிப்பது என்றால், பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற ஒப்பாரியையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் சொல்லமாட்டீர்கள்.

வியாசை வாத்தியார்:

இது சரி. கானா பாட வருகிறவரும் பல நேரம் அந்த வீட்டுக்காரர் இல்லை. ராத்திரிக்குக் கூப்பிட்டு வருவார்கள். மெதுவாகப் பாடுவது பற்றிய என் பேச்சை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கூட்டம் பாடலாமா என்பதில் அக்கா பக்கம் நிற்கிறேன்.

பெரம்பூர் பேஸ்:

ஒப்பாரியில் பாடுகிறவர்கள் அழுகிறார்கள்மா. அந்த வித்தியாசத்தை விடமாட்டேன். மற்றபடி நீ சொன்னதை யோசிக்கிறேன்.

ஒற்றியூரான்:

பேசிக்கொண்டே இருக்கிறோம், யாராவது பாடிப் பார்த்தால் என்ன? ஆல்டோ அக்கா குழுவில் ஆண் குரல்கள் உண்டா?

ஆல்டோ வரிசை:

டெனர் (உயர்ந்த ஆண் குரல்) நாலு பேர், பேஸ் (கீழ்க்குரல்) இரண்டு பேர். நற்கருணை ஆசீருக்கு 'மாண்புயர்' எல்லோரும் பாடுகிறோம், அதன் லத்தீன் மூலம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குயினாஸ் எழுதியது, அதையும் சில பெரியவர்களுக்குத் தெரியும். அதனால் தாளமில்லாமல் சேர்ந்து நகர்வது இவர்களுக்குப் புதிதில்லை. கோவிலுக்குள் ராக் பாட முடியாது, பாடவும் கூடாது, ஆனால் பக்கத்து ஹாலில் ஞாயிறு பயிற்சி முடிந்த பிறகு 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' மெட்டை வாத்தியம் இல்லாமல் பாடிப் பார்க்கலாம். கீபோர்டு அண்ணனிடம் ஆரம்ப ஸ்வரம் மட்டும் வாங்கிக்கொள்கிறோம். பேஸ் இருவருக்கும் கீழே எட்டுமா என்று பார்த்துத்தான் சுருதி வைக்க வேண்டும்.

சர்மாநகர் சவுண்டு:

ரெக்கார்டர் நான் கொண்டு வருகிறேன். ஆளுக்கு ஒரு மைக் வேண்டாம், ஜோடியாக இரண்டு மைக், பாடுகிறவர்களிடமிருந்து பத்தடி தள்ளி, ஆள் உயரத்துக்கு மேலே. கிட்டே வைத்தால் குரல்கள் தனித்தனியாகப் பிரிந்து விழும், ஹாலின் கார்வை வராது. பிளாஸ்டிக் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, ஜன்னல் திரை இருந்தால் கழற்றிவிடுங்கள். ஃபேனைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், வியர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ் அண்ணா, நீங்களும் வாங்க, கிட்டார் இல்லாமல்.

பெரம்பூர் பேஸ்:

வருகிறேன். டிரம் இல்லாமல் நிற்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுவேன்.